பேர் சொன்னால்தான் எழலாம்

– கண்ணத் தொறக்காதீங்கண்ணே. சனம் வரிசையில வர ஆரம்பிச்சிருச்சு.

– தொறக்கல தாயி. மூக்கு மேல ஈ ஒண்ணு உக்காந்திருக்கு, அதத்தான் என்ன பண்றதுன்னு தெரியல.

– இருங்க, அழுவுற மாதிரி குனிஞ்சு ஓட்டிவிடுறேன். ஐயோ என் ராசா, என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே, இனிமே எனக்கு யாரு இருக்கா... போயிருச்சா?

– போயிருச்சு. கேளு ரோசரி, முடிய மட்டும் என் மூஞ்சியில போடாத. நேத்து சபாக் தோட்டத்துல தும்மல் வந்து, பொணம் தும்முதுன்னு ஒரே சிரிப்பாப் போச்சு.

– மாதாவே, அதுக்குத் திட்டு வாங்குனது நானு. பொண்டாட்டியா நடிக்கிறவ ஒழுங்கா அழுதா பொணம் ஏன் தும்முதுன்னு கேட்டாரு கொர்னேலியஸ் சாரு.

– அவரு கெடக்காரு. இப்ப எங்க நிக்கிறாரு?

– லோரி மேல. மைக்க எடுத்துட்டாரு. பேசாமக் கெடங்க.

– தோட்டத்து லயத்து மக்களே, நாடகம் முடிஞ்சிருச்சுன்னு யாரும் வீட்டுக்குப் போயிடாதீங்க. ஒவ்வொருத்தரா வந்து, காலையில பேர் கூப்புடுற இந்தப் பெரட்டுத் திடல்ல செத்துக் கெடக்கிறவன நல்லாப் பாத்துட்டுப் போகணும். காட்டுக்குள்ள போன கம்யூனிஸ்டுக்கு இதுதான் கதி. உங்க வீட்டுப் பையன் எவனாச்சும் காட்டுக்குள்ள போயிருந்தா இந்த மூஞ்சிய நெனச்சிக்குங்க. ஆம்பள பொம்பள எல்லாரும் வரணும், தொரையோட உத்தரவு. ஆறு மணிக்கு ஊரடங்கு. டைம் இல்ல லா, நடங்க, நடங்க.

– கேட்டியா? இந்த மூஞ்சியாம். இதே மூஞ்சிக்கு ஈப்போவுல ஆளு ஒசரத்துக்கு மாலை போட்டாங்க. ராஜா வேசம். ராத்திரி பத்து மணிக்கு வெளக்கு ஏத்துனா விடியிற வரைக்கும் பாட்டு. ஊரடங்கு வந்ததும் ராத்திரி நாடகமே இல்லாமப் போச்சு. வேற பொழப்பும் தெரியாது. பட்டப்பகல் வெயில்ல, தோட்டம் தோட்டமா வந்து சாவுறேன்.

– வாய ரொம்ப அசைக்காதீங்க. வேலை வாங்குற மண்டோர் ஒருத்தரு உத்துப் பாக்குறாரு.

– போயிட்டாரா?

– போயிட்டாரு. பின்னால ஒரு கெழவர், ஒங்கள நல்லாப் பாத்துட்டுக் கீழ துப்பிட்டுப் போறாரு. நீங்க கெட்டவனா நல்லாத்தான் நடிச்சிருக்கீங்க.

– நடிச்சதுக்குத் துப்புனாச் சரி. காலையில டீக்கடையில எனக்குக் கெலாசுல ஊத்தாம டின்னுல ஊத்துனான். நான் நாடகக்காரன்யான்னு சொல்லியும் கேக்கல. போன மாசம் ஒரு லயத்துல கல்லால அடிச்சாங்க. காட்டுல இருக்கிறவனுக்கும் என் மேல கோவம், லயத்துல இருக்கிறவனுக்கும் என் மேல கோவம். நான் எந்தப் பக்கத்து ஆளுன்னு எனக்கே தெரியல.

– நான் மட்டும் நல்லாவா இருக்கேன். தைலத்தக் கண்ணுக்குக் கீழ தடவித் தடவி, காலையில எந்திரிச்சா கண்ணு தொறக்க மாட்டேங்குது. மொத மொத நடிச்சப்போ தைலமே வேணாம், பாவமா இருக்கும், தானா அழுகை வரும். இப்ப அது இல்லாட்டி ஒரு சொட்டு வராது. நெசமாவே எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அழ முடியுமான்னு பயமா இருக்குண்ணே.

– வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?

– பூசையில அம்மா என்னப் பக்கத்துல உக்கார வச்சிக்கிறதில்ல. கல்யாணமே ஆவாதவ தெனம் தெனம் தாலி அறுக்கிறா, இவள எவன் கட்டுவான்னு கோயில்ல பேசிக்கிறாங்களாம். பெர்னாட்டுன்னு ஒருத்தரு பொண்ணு கேட்டு வந்தாரு. நம்ம நாடகத்த ஒரு தடவ பாத்தாரு. அதோட சரி, அந்தப் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்கல.

– விட்டுரு தாயி இந்த வேலைய.

– விட்டுட்டு எங்க போவ? பால் மரம் வெட்டக் காட்டுப் பக்கம் போகவும் பயமா இருக்கே. நீங்க ஏன் கழுத்த நெளிக்கிறீங்க?

– இந்தச் சட்டைதான். பழசு கிழிஞ்சு போச்சுன்னு, நம்மள அனுப்புற சர்க்கார் ஆபீஸ்ல வேற குடுத்தாங்கல்ல. காலர் கிட்ட யாரோ நீல நூலுல ஒட்டுப் போட்டிருக்காங்க, முடிச்சு கழுத்த அறுக்குது. நெசமான காட்டுக்காரன் போட்ட சட்டையாம். அப்பத்தான் பாக்க நல்லா இருக்குமாம். நெஞ்சுல ஓட்டை ஏற்கனவே இருக்கு, நாம ஒண்ணு போட வேண்டிய வேலை மிச்சம்னு சிரிச்சாரு கொர்னேலியஸ்.

– மாதாவே. செத்தவன் சட்டையா? எங்கிட்ட நீங்க சொல்லவே இல்ல.

– சொன்னா நீ பக்கத்துல உக்காந்து அழுவியா? இதப் போட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே போச்சு. படுத்தா என்னச் சுத்தி சனம் வரிசையா நடந்து போறாப்புல இருக்கு. எந்திரிச்சு உக்காந்தா, எந்திரிச்சது நானா, இல்ல செத்தவனான்னு சந்தேகம் வந்துருது. கேளு, எங்க பழைய கம்பெனியில ஒரு முறை இருந்துச்சு. மேடையில செத்தவன் தானா எந்திரிக்கக் கூடாது. கூட நடிக்கிறவங்க ஒருத்தரு பக்கத்துல வந்து அவன் சொந்தப் பேரச் சொல்லிக் கூப்புடணும். வேசத்துப் பேரு இல்ல, பெத்தவங்க வச்ச பேரு. கேட்டப்புறம்தான் எந்திரிக்கலாம்.

– கூப்புடலைன்னா?

– செத்தவனும் கூடவே எந்திரிச்சு வந்துருவான்னு சொல்லுவாங்க. கங்கான்னு ஒரு அம்மா, எங்களுக்கு ராணி வேசம் கட்டும். எனக்கும் அதுக்கும் ஆவவே ஆவாது, மேடைக்கு வெளியில பேச்சே கெடையாது. ஆனா திரை விழுந்ததும் வந்து குனிஞ்சு என் பேரச் சொல்லிட்டுத்தான் போவும். இந்த லோரிக்கு வந்ததுலேர்ந்து யாரு கூப்புட்டா? சனம் கலைஞ்சதும் கொர்னேலியஸ் கை தட்டுவாரு. தோழரே, எந்திரிங்க, லோரி கெளம்புது. அம்புட்டுதான்.

– ஆமா, லோரியில எல்லாருமே ஒங்களத் தோழருன்னுதான் கேலி பண்றாங்க. சரி, இன்னிக்கு நான் கூப்புடுறேன். ஒங்க பேரு என்னண்ணே?

– செத்துக் கெடக்கிறப்போ தன் பேரத் தானே சொல்லக் கூடாது.

– இப்ப மட்டும் சொல்லுங்க.

– கூடாது தாயி. ரெண்டு மாசமா ஒரே லோரியில வர்றோம், ஒரே சட்டியில சோறு திங்கிறோம். நீ முன்னாடியே கேட்டிருக்கலாம்.

– மன்னிச்சிருங்க. எனக்குத் தோணவே இல்ல.

– ஒன்னக் குத்தம் சொல்லல. ஆனா இன்னிக்கு யாராச்சும் கூப்புட்டா நல்லாருக்கும்னு இருக்கு. வரிசை எம்புட்டு தூரம் நிக்கிது?

– புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகை வரைக்கும் நீளுது.

– அதுல ஒரு பொம்பளையத் தேடு. நல்ல ஒசரம். வலது கை மணிக்கட்டுல வெள்ளையாத் தழும்பு இருக்கும், ரப்பர் ஆலையில எசிட் பட்டது.

– யாரு அது?

– எம் பொண்டாட்டி. சின்னத்தாயி.

– இந்தத் தோட்டத்துலயா இருக்காங்க?

– இங்கதான் விட்டுட்டுப் போனேன். தீபாவளி நாடகம் முடிச்சிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டுக் கம்பெனியோட சிங்கப்பூரு போனேன். சப்பான்காரன் வந்துட்டான், கம்பெனி செதறிப் போச்சு. சண்டை முடிஞ்சப்போ வெறுங்கையோட வர வெக்கம். அப்புறம் காட்டுக்காரங்களால எமர்ஜென்சி, ரோட்டுக்கு ரோடு சோதனை. காரணம் சொல்லணும்னா நெறைய இருக்கு. பதினோரு வருசம் ஓடிப் போச்சு.

– லோரி வந்து நின்னதும் நேரா லயத்துக்குப் போய்ப் பாத்திருக்கலாமே.

– உசுரோட போய் அவ முன்னால நிக்க எனக்குத் தைரியம் இல்ல. பொணமாக் கெடந்தா அவளே வந்து பாத்துத்தானே ஆவணும். உத்தரவாச்சே.

– சிரிக்க வைக்காதீங்க, நான் அழுதுக்கிட்டு இருக்கேன்.

– சிரிப்புக்குச் சொல்லல. இந்த வேலைக்குச் சேந்ததே, லோரி சுத்திச் சுத்தி ஒரு நாள் இந்தத் தோட்டத்துக்கு வரும்னுதான். என்னப் பாத்து அவ ஒரு சொட்டு கண்ணீர் விட்டாப் போதும். நான் இன்னும் அவளுக்கு இருக்கேன்னு தெரிஞ்சிக்குவேன். பேரச் சொல்லிக் கூப்புட மாட்டா. எங்க ஆளுங்கள்ல புருசன் பேர வாயால சொல்றதில்ல. அழுதாப் போதும்.

– புள்ளைங்க?

– ஒரே பையன். சோமு. அப்ப எட்டு வயசு. நான் மேடையில வசனம் பேசறதுக்கு முன்னால கீழ உக்காந்து அவன் சொல்லிருவான். இப்ப மீசை மொளச்சு, கித்தா மரம் வெட்டிப் பால் எடுத்துக்கிட்டு இருப்பான். அவனையும் பாரு, அவ கூடத்தான் வருவான்.

– இருங்க. கொர்னேலியஸ் சாரு எறங்கி வர்றாரு. மூச்சு விடாதீங்க.

– என்ன மிஸ் ரோசரி, குசுகுசுன்னு? சனம் பாக்குது. பொணத்தோட யாராச்சும் பேசுவாங்களா?

– ஒப்பாரி சார்.

– ஒப்பாரின்னா சத்தமா வைங்க. அப்புறம், யாராச்சும் நெசமா அழுதா ரெண்டு தடவ மாருல அடிச்சிக்கணும்னு சொன்னேனே, ஒரு வாரமா ஏன் அடிக்கிறதில்ல? தொரை கேக்குறாரு. எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு, என் பொழப்பக் கெடுத்துடாதீங்க. தோழரே, வயிறு ஏறி எறங்குது, கவனம்.

– போயிட்டாரா?

– போயிட்டாரு.

– அதென்ன மாருல அடிக்கிறது?

– அண்ணே, அவங்க அழக் கூடாது. ஒங்க சம்சாரம். அழவே கூடாது.

– ஏன்?

– ரப்பர் பால் ஸ்டோரு வாசல்ல வெள்ளச் சட்டை போட்ட தொரை நிக்கிறாரு. தெனம் நம்ம பின்னாலயே ஜீப்புல வர்றாரே, அவருதான்.

– நாடகம் எப்படிப் போவுதுன்னு பாக்க வர்றவருன்னு சொன்னாங்களே.

– எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. யாரு நெசமா அழுவுறாங்கன்னு நீதான் பக்கத்துல இருந்து பாக்குற, ஒரு சைகை காட்டு, எத்தன பேரு உருகுறாங்கன்னு ஆபீஸ்ல தெரியணும்னு. நானும் நம்ம நடிப்புக்குப் பெருமைதானேன்னு அடிச்சிக்குவேன். பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டத்துல ஒரு அம்மா ஒங்க காலப் புடிச்சிக்கிட்டு அழுதாங்களே, வள்ளியம்மா.

– மறப்பேனா? ராஜா வேசத்துல கூட எனக்கு அப்படி ஒரு அழுகை கெடச்சதில்ல.

– அது ஒங்களுக்கு அழுத அழுகை இல்லண்ணே. அவங்க தம்பி காட்டுக்குள்ள இருக்கான். நாம சாமான் ஏத்திக்கிட்டு இருந்தப்போ அவங்கள ஜீப்புல ஏத்துனாங்க. என்னத் திரும்பிப் பாத்துக்கிட்டே ஏறுனாங்க. அதுலேர்ந்து நான் மாருல அடிக்கிறதில்ல. யாராச்சும் அழுதா அவங்கள மறைச்சிக்கிட்டு விழுந்து அழுவுறேன். ஆனா அவரே பாக்குறாரே.

– ஏன் எங்கிட்டச் சொல்லல?

– எந்த ஊருல யாரு அழுதாங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் நீங்க ராத்திரி சோறு திங்கிறீங்க. அத எப்படிப் புடுங்கறது?

– வரிசையப் பாரு தாயி. அவ வந்தாச் சொல்லு.

– அண்ணே, வர்றாங்கன்னு நெனைக்கிறேன். ஒசரமா, நீலச் சேலை. முக்காடு போட்டிருக்காங்க, கை தெரியல.

– பக்கத்துல வாலிபப் பையன் இருக்கானா?

– இல்ல, தனியாத்தான் வர்றாங்க. கைய எடுக்கிறாங்க. தழும்பு இருக்குண்ணே.

– எப்படி இருக்கா?

– எளச்சிருக்காங்க. நெத்தியில பொட்டு இருக்கு. பெருசா வச்சிருக்காங்க.

– இன்னும் வச்சிருக்காளா? ரோசரி, கேளு. என் மூஞ்சிய மறை. முடியப் போடு, மேல விழு, என்ன வேணாப் பண்ணு. அவ என்ன அடையாளம் கண்டுக்கக் கூடாது.

– பதினோரு வருசம் கழிச்சு வந்துட்டா?

– மறைம்மா.

– ஐயோ என் ராசா, என் தெய்வமே, என்ன விட்டுட்டுப் போயிட்டியே... நடங்கம்மா, பின்னால ஆளு நிக்கிறாங்க.

– கொஞ்சம் தள்ளிக்கம்மா. ஒரே ஒரு தடவ தொட்டுக்கிறேன்.

– வேணாம்மா, நாடகம்தான் இது, நீங்க போங்க.

– இப்புடித்தான் கெடந்தியா என் ராசா. ஒரு வா தண்ணி குடுக்க ஆளில்லாம இப்புடித்தான் கெடந்தியா.

– மாதா மேல சத்தியமாச் சொல்றேன், அழாதீங்க. அங்க ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காரு. போயிடுங்கம்மா.

– ஏய், நீலச் சேலை, நில்லு. மிஸ் ரோசரி, தள்ளுங்க. தொரை என்னப் போய்க் கேக்கச் சொல்றாரு. யார நெனச்சும்மா அழுவுற?

– யாரையும் இல்லீங்க சாமி. நாடகம் பாத்து வந்துருச்சு.

– நாடகம் பாத்தவங்க கண்ணத் தொடச்சிட்டுப் போயிருவாங்க. நீ சட்டையப் புடிச்சிக்கிட்டு விட மாட்டேங்கிறியே. காட்டுக்குள்ள யாரு இருக்கா ஒனக்கு? பேச மாட்டியா? சரி, ஜீப்புல வந்து பேசு.

– கொர்னேலியஸ் சார், அவள விடுங்க.

– மாதாவே. அண்ணே, ஏன் எந்திரிச்சீங்க? நான் இன்னும் கூப்புடவே இல்லையே.

– தோழரே, படு. சனம் பாக்குது லா. என் வேலை போயிரும்.

– அது எம் பொண்டாட்டி சார். எனக்காகத்தான் அழுவுறா. இந்த லயத்துல அவள விட்டுட்டு ஓடிப்போன புருசன் நான்தான். போய்த் தொரைகிட்டச் சொல்லுங்க. சின்னத்தாயி, இங்க பாரு. சாயத்த அழிச்சிட்டேன். நல்லாப் பாரு.

– இரு இரு, சொல்லிட்டு வர்றேன்... தொரை நம்பல. சிரிக்கிறாரு. அந்தப் பொம்பள வாயாலேயே சொல்லட்டும்ங்கிறாரு. நீ குறுக்கப் பேசக் கூடாது. அம்மா, இவரு ஒம் புருசனா?

– ஆமாங்க.

– அப்ப இவரு பேரு என்ன?

– பேருங்களா?

– பேருதான் கேக்குறேன்.

– அத எப்படிங்க நான் சொல்றது?

– சார், அவங்க ஆளுங்க புருசன் பேரச் சொல்ல மாட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?

– தெரியும் மிஸ் ரோசரி. தொரைக்கு யாரு புரிய வைக்கிறது? அவரு பொண்டாட்டி அவரத் தெனம் பேரு சொல்லித்தான் கூப்புடுறாங்களாம். பேரு தெரியலைன்னா புருசன் இல்லைங்கிறாரு. அம்மா, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடும்மா. ஒன்ன ஜீப்புல ஏத்தி எனக்கு என்ன ஆவப் போவுது?

– ஊருல எங்க ஆத்தா கும்புடுற சாமியோட பேருங்க.

– எந்தச் சாமி? நான் மாதா கோயில் ஆளு, எனக்கு ஒங்க ஊருச் சாமியெல்லாம் தெரியாது.

– சின்னத்தாயி, ஒரு தடவ சொல்லிரு.

– குறுக்கப் பேசாதேன்னு சொன்னேன்ல. தொரை இங்க வர்றாரு பாரு.

– இருசப்பன்.

– சத்தமா.

– எம் புருசன் பேரு இருசப்பனுங்க.

– சரிதான், தோழரு பேரு அதுதான். இருங்க, தொரைகிட்டச் சொல்றேன்... விடச் சொல்லிட்டாரு. ஒரு நிமிசம் ஓரமா நின்னு பேசிக்குங்க. இந்தக் கூத்துக்கு நாளைக்கு ஆபீஸ்ல நான் என்ன சொல்லப் போறேனோ. நடங்க மக்களே, நடங்க, டைம் இல்ல.

– கேட்டியா ரோசரி? கூப்புட்டுட்டா.

– கேட்டேன், இருசப்பண்ணே.

– சின்னத்தாயி, கண்ணத் தொடச்சிக்க. தெனம் செத்துச் செத்து எந்திரிச்சேன், இன்னிக்குத்தான் நானே எந்திரிச்ச மாதிரி இருக்கு. நீ என்ன வீட்டுக்குள்ள சேக்க வேணாம். திட்டணும்னாத் திட்டு. எனக்காக அழுதியே, அது ஒண்ணு போதும். சோமு எங்க? அவன ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்.

– சிரிச்ச மூஞ்சியா வச்சிக்குங்க, தொரை இன்னும் இங்கயேதான் பாக்குறாரு. நீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சட்டைய எங்க வாங்குனீங்க?

– ஆபீஸ்ல குடுத்தாங்க. ஏன்?

– காலர்ல அந்த நீல நூலு நான் போட்டதுங்க. சோமு காட்டுக்குள்ள போறப்போ போட்டுட்டுப் போன சட்டை.